பள்ளிக்கூடத்திலும் பதிலி முறையா?

பதிலி என்றால் என்னவென்று கோவைச் சீமை மில் தொழிலாளிக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் தூக்குப்போசியோடு கேட்டில் வந்து நிற்க வேண்டும். உள்ளே எவனாவது வேலைக்கு வராமற்போனால் கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால், கொண்டுவந்த சோறு போசியிலேயே இருக்க, வீடு திரும்ப வேண்டும். வேலை தெரியாதவனா அவன்? இல்லை. வருஷக்கணக்கில் அதே ஸ்பின்னிங்கில் நின்றவன். அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் சேர்ப்பவன். ஆனாலும் அவன் பெயர் மஸ்டர் ரோலில் ஏறாது. ஏறினால் லீவு கேட்பான், போனஸ் கேட்பான், கிராஜுவிட்டி கேட்பான், சங்கத்தில் சேருவான்!

இந்தப் பதிலி முறை மில் கேட்டோடு நிற்கவில்லை, தோழர்களே. அது நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. கரும்பலகைக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு நிற்கிறது.

சத்தியமங்கலத்தில் ஒரு மில் தொழிலாளி நம்மிடம் கேட்டார். அவர் சம்சாரம் விடியற்காலை மல்லிகைப் பூ பறிக்கப் போகிறவர். ஒரே மகள். அவர் கேட்டதை அவர் சொன்னபடியே தருகிறோம்:

"ஏனுங்க தோழர், எம் பொண்ணு இங்கிலீசுல பி.ஏ. முடிச்சா. பி.எட்.டும் முடிச்சா. டெட்டுங்கறாங்களே, அதுலயும் பாஸ் பண்ணீட்டா. இன்னும் என்னதானுங்க பாக்கி? அவளுக்கு வேலை குடுங்கன்னு கேக்கறது ஒருபக்கம் இருக்கட்டுங்க. அவ படிச்ச பள்ளிக்கூடத்துல இன்னிக்கும் இங்கிலீசுக்கு நிரந்தரமா ஒரு வாத்தியார் இல்லீங்களே! அங்க வாத்தியார் இல்லை, இங்க வாத்தியாருக்கு வேலை இல்லை. இது என்ன கணக்குங்க?"

பெரிய பெரிய கல்வி நிபுணர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆகவே நாம் சொல்லுகிறோம்.

நாலு கேட்டு

ஒரு காலத்தில் வாத்தியார் படிப்புக்கு எல்.டி. என்று பெயர். போதிப்பதற்கு உரிமம் பெற்றவர் என்பதே அந்த இரண்டு எழுத்துக்கும் பொருள். சைதாப்பேட்டைக் கல்லூரிக்குப் போய் அந்த எழுத்தை வாங்கி வந்தவரை ஊரே எழுந்து நின்று கும்பிட்டது. பிறகு அது பி.டி. ஆயிற்று. பிறகு பி.எட். ஆயிற்று. பெயர் எதுவானாலும் அர்த்தம் ஒன்றுதான்: இவர் படித்தவர், பழகியவர், வகுப்பில் நிற்கத் தகுந்தவர் என்று சர்க்காரே கொடுக்கும் லைசன்ஸ்.

இன்றைக்கு அந்த லைசன்ஸுக்கு எத்தனை கேட்டு தாண்ட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

முதல் கேட்டு, பி.ஏ. இங்கிலீஷ். மூன்று வருஷம். பத்தாம் வகுப்புவரை இங்கிலீஷ் வாத்தியாரையே பாதி நாள் பார்க்காத பிள்ளை, கல்லூரியில் காலெடுத்து வைத்தவுடன் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படிக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் பேசி வளர்ந்த பிள்ளை உட்கார்ந்திருக்கும். நம் பிள்ளை வாயைத் திறக்கக் கூசும். ராத்திரியெல்லாம் அகராதி புரட்டி, நோட்ஸை மனப்பாடம் செய்து, எப்படியோ கரையேறும். இது சாதாரண உழைப்பல்ல. இதை உழைப்பு என்று எந்த மார்க் ஷீட்டும் எழுதுவதில்லை.

இரண்டாவது கேட்டு, பி.எட். முன்பு ஒரே வருஷம். 2015-16 முதல் இரண்டு வருஷமாக்கினார்கள். நல்ல பயிற்சிக்கு இரண்டு வருஷம் வேண்டும் என்றால் நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டாவது வருஷத்துச் சோற்றுக்கு யார் பொறுப்பு? தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகள் அறுநூற்றுக்கு மேல் இருக்கின்றன. அதில் சர்க்கார் கல்லூரிகள் ஏழே ஏழு! நம் பக்கத்துக்குக் கோவையில் பெண்களுக்கு ஒன்று. காவிரிக்கு அக்கரையில் கொமாரபாளையத்தில் ஒன்று. மற்றவையெல்லாம், விரல்விட்டு எண்ணக்கூடிய உதவி பெறும் கல்லூரிகள் போக, காசு வாங்கிப் படிப்பு விற்கும் கடைகள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, தாளவாடியிலிருந்தோ, கடம்பூர் மலையிலிருந்தோ ஒரு விவசாயக் கூலியின் பெண் பி.எட். படிக்க வேண்டுமானால், ஒன்று ஹாஸ்டலுக்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது பி.எட். ஆசையை விட வேண்டும்.

மூன்றாவது கேட்டு, ஆசிரியர் தகுதித் தேர்வு. அதுதான் டெட். 2009ஆம் வருஷத்து இலவச கட்டாயக் கல்விச் சட்டத்தை ஒட்டி, எட்டாம் வகுப்புவரை போதிக்கும் யாரும் இதில் தேற வேண்டும் என்று 2010இல் விதி வந்தது. நம் பட்டதாரி ஆசிரியர் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை நடத்துகிறவர். ஆகவே அவரும் எழுதியாக வேண்டும்.

நாலாவது கேட்டு 2018இல் வந்தது. டெட்டில் தேறியது போதாது, வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுது என்று 149ஆம் எண் அரசாணை போட்டார்கள். தகுதித் தேர்வில் தேறினாலும் தகுதி வரவில்லையாம்! பஸ் ஓட்டுகிற தோழரை நாம் கேட்கிறோம்: உங்களிடம் லைசன்ஸ் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டிப்போ வாசலில் நிற்கிறீர்கள். 'லைசன்ஸ் சரி, ஆனால் ஓட்டத் தெரியுமா என்று மறுபடி பரீட்சை வைக்கிறோம், பரீட்சை எப்போது என்று பிறகு சொல்லுகிறோம்' என்றால் என்ன சொல்லுவீர்கள்?

ஆள் மாறவில்லை, கடிகாரம் மாறியது

'எல்லாம் தரத்துக்காகத்தான்' என்கிறார்கள். தரம் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்தத் தரத்தை எந்த முழக்கோலால் அளந்தார்கள் என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர்! ஆயிரம் பேர் எழுதினால் நாலு பேர்கூடத் தேறவில்லை. உடனே பத்திரிகைகளில் என்ன எழுதினார்கள்? 'பாருங்கள் வாத்தியார்களின் லட்சணத்தை' என்று எழுதினார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் நடக்க முடியவில்லை.

ஆனால் அந்தத் தேர்வில் 150 கேள்விக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. ஒரு கேள்விக்கு 36 வினாடி! படிக்கவா, யோசிக்கவா, பதிலைக் குறிக்கவா? கூக்குரல் எழுந்தது. அதே வருஷம் அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். இந்தத் தடவை தேறியவர்கள் ஏறத்தாழ 19 ஆயிரம் பேர்.

மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் பேருக்குத் தரம் எங்கிருந்து குதித்தது? கேள்வித்தாள் சற்று இளகியிருக்கலாம், படிக்கவும் மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்தது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முக்கியமாக மாறியது ஆள் அல்ல, கடிகாரம். மிஷினின் வேகத்தைக் கூட்டிவிட்டு, இழை அறுந்தால் தொழிலாளியைத் திட்டுகிற மேனேஜரை நமக்குத் தெரியாதா? வேலைப்பளுவை ஏற்றிவிட்டு 'ஆள் சரியில்லை' என்று மெமோ கொடுக்கிற சூழ்ச்சி நமக்குப் புதிதா?

இன்னொன்றையும் கேளுங்கள். இங்கிலீஷ் வாத்தியாராக வரப்போகிறவர் எழுதும் டெட் இரண்டாம் தாளில் மொத்தம் 150 மார்க். அதில் இங்கிலீஷுக்கு 30. தமிழுக்கு 30. குழந்தை மனவியலுக்கு 30. மீதி 60? கணக்கும் விஞ்ஞானமும், அல்லது சமூக அறிவியல்! அதாவது, தான் நடத்தப் போகிற பாடத்துக்கு 30, தான் ஒருநாளும் நடத்தப் போகாத பாடத்துக்கு 60. ரீலிங்கில் வேலை செய்யப் போகிறவளுக்குப் புளோரூமில் பரீட்சை வைப்பதுபோல இருக்கிறது. ஐந்து வருஷம் இங்கிலீஷ் படித்த பெண், மறுபடியும் ஏழாம் வகுப்புச் சரித்திர பூகோளப் புத்தகத்தைத் தேடி எடுத்து, கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டி உட்காருகிறாள். படிப்பு விற்கிற கடைக்குப் பக்கத்தில் பரீட்சை விற்கிற கடை!

வருஷத்துக்கு ஒரு தடவையாவது தேர்வு நடத்த வேண்டும் என்று 2011இல் மத்திய அமைப்பு வழிகாட்டியது. நடந்தது என்ன? 2013 ஆகஸ்டில் நடந்தது. 2014இல் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் நடந்தது. பொதுத் தேர்வு அதன்பின் 2017இல்தான். பிறகு 2019. பிறகு 2022இல் தொடங்கி 2023 பிப்ரவரியில்தான் இரண்டாம் தாள். அடுத்தது 2025 நவம்பர். மானாவாரிக்காரன் மழைக்குக் காத்திருப்பதுபோல நம் பிள்ளைகள் பரீட்சைக்குக் காத்திருக்கிறார்கள். பரீட்சையே வராவிட்டால், தேறவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

பத்தாயிரத்துக்கு ஒரு வாத்தியார்

இத்தனை கேட்டும் எதற்கு? இப்போது விஷயத்துக்கு வருகிறோம்.

2022இல் பள்ளிக்கூடங்களில் 13,331 இடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நன்றாகக் கவனியுங்கள். இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. இடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடம் நடக்க வேண்டும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. ஆனால் சம்பளம் என்ன நிர்ணயித்தார்கள்? இடைநிலை ஆசிரியருக்கு 7,500. பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. முதுகலை ஆசிரியருக்கு 12,000. விவகாரம் ஐகோர்ட்டுவரை போயிற்று. பிறகு பட்டதாரிக்கு 15,000 என்று ஏற்றினார்கள்.

நிரந்தரப் பட்டதாரி ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 36,400. அகவிலைப்படி அதன்மேல் தனி. அதே வகுப்பு, அதே பாடம், அதே 40 பிள்ளைகள், அதே விடைத்தாள் கட்டு. ஒருவருக்கு மாதா மாதம் சம்பளம், லீவு, மருத்துவம், உயர்வு. இன்னொருவருக்கு 'நிரந்தர ஆசிரியர் வரும்வரை' என்ற ஒரு வரி. இதற்குப் பெயர் பதிலி இல்லை என்றால் வேறென்ன?

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இந்தத் தற்காலிக ஆட்களை எடுக்கும் வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலையில் கட்டினார்கள். அந்தக் குழு யார்? சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். சர்க்கார் பள்ளியின் பெற்றோர் யார்? நாம்தான்! மில் தொழிலாளியும், கரும்பு வெட்டுகிறவரும், நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவும்தான். நம் பெண்ணை அரைக் கூலிக்கு அமர்த்தும் காகிதத்தில் நம்மிடமே கையெழுத்து வாங்குகிறார்கள். நம்மையே மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள், தோழர்களே!

2023 அக்டோபரில் ஒருவழியாக நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வந்தது. 2,222 இடங்கள். பிறகு அது மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. 2024 பிப்ரவரி 4ஆம் தேதி போட்டித் தேர்வு நடந்தது. டெட்டில் தேறியவர்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2013இல் தேறிவிட்டுப் பத்து வருஷம் காத்திருந்தவர்களும் அதில் உண்டு. அப்போது வயது வரம்பு என்ன வைத்தார்கள் தெரியுமா? பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58! ஓய்வு பெறும் வயது 60. இதைச் சலுகை என்று சொன்னார்கள். ஒரு மனிதனைத் தலை நரைக்கும்வரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, நரைத்த தலையோடும் உள்ளே வரலாம் என்பதற்குப் பெயரா சலுகை?

ஆட்சி மாறியது, கொடி மாறியது, போர்டில் பெயர் மாறியது. பதிலி மாறவில்லை.

'பாட்டாளிக்கு இங்கிலீஷ் எதற்கு?'

இங்கே ஒரு சாரார் குறுக்கே வருகிறார்கள். 'இங்கிலீஷ் அந்நிய பாஷை. மெக்காலே 1835இல் கொண்டுவந்து திணித்தது. குமாஸ்தா உற்பத்தி செய்வதற்கான பாஷை. பாட்டாளி வீட்டுப் பெண் அதைப் படித்து வாத்தியார் ஆவதற்காகப் பாட்டாளிப் பத்திரிகை ஏன் எழுத வேண்டும்?' என்கிறார்கள்.

தாய்மொழியில்தான் பிள்ளை முதலில் அறிவு பெற வேண்டும். இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. தாளவாடியில் கன்னடம் பேசுகிற பிள்ளைக்கும் இது பொருந்தும். மெக்காலே நமக்கு நல்லது செய்ய வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் நாம் கேட்கிறோம்: நம்முடைய வழக்கு ஐகோர்ட்டுக்குப் போனால் எந்த பாஷையில் நடக்கிறது? நம் நிலத்தை எடுத்துக்கொள்ளும் கம்பெனியின் ஒப்பந்தம் எந்த பாஷையில் எழுதப்படுகிறது? மிஷின் மேல் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை எந்த பாஷையில் இருக்கிறது? நம்மை ஆளுகிறவனின் ஆயுதம் நமக்குத் தெரியாமல் இருப்பதில் யாருக்கு லாபம்?

இன்றைக்கு இங்கிலீஷ் ஒரு சரக்கு. மஞ்சள் பெயிண்ட் அடித்த வேனை அனுப்பி, வீட்டு வாசலில் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய் அதை விற்கிறார்கள். அந்தச் சரக்கு வாங்குவதற்காக நம் தோழர்கள் மில்லில் ஓவர்டைம் பார்க்கிறார்கள், சங்கிலியை அடகு வைக்கிறார்கள், மகளிர் குழுவில் கடன் எடுக்கிறார்கள். சர்க்கார் பள்ளியில் ஒரு நல்ல இங்கிலீஷ் வாத்தியார் நிரந்தரமாக இருந்தால் அந்த வேனுக்கு நம் தெருவில் என்ன வேலை? 2012-13 முதல் சர்க்கார் பள்ளிகளிலும் இங்கிலீஷ் வழிப் பிரிவுகளைத் திறந்தார்கள். போர்டு மாட்டுவது சுலபம். போர்டுக்குக் கீழே நின்று பாடம் நடத்த ஆள் வேண்டாமா?

இதில் ஒரு வட்டம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. ஆகவே பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவில்லை. வராததால் கல்லூரியில் திணறுகிறது. திணறுவதால் பரீட்சையில் தோற்கிறது. தோற்றதால் வாத்தியார் ஆகவில்லை. ஆகவே அடுத்த ஆறாம் வகுப்புக்கும் வாத்தியார் இல்லை! ராட்டை சுற்றுகிறது, நூல் மட்டும் வருவதில்லை. இந்த வட்டத்தை அறுக்கக் கூடியவள் யார்? நம் தெருவிலிருந்து போய், நம் பிள்ளையின் கூச்சம் எங்கே இருக்கிறது என்று அறிந்து, இத்தனை கேட்டையும் தாண்டி வந்து நிற்கிறாளே, அந்தப் பெண்தான். அவளைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

'தகுதி' என்ற பூச்சாண்டி

'அப்படியானால் பரீட்சையே வேண்டாமா? தெரியாதவன் எல்லாம் வாத்தியார் ஆகலாமா?' என்று அடுத்த கேள்வி வரும்.

இல்லவே இல்லை! நம் பிள்ளைக்கு அரைகுறை வாத்தியார் போதும் என்று நாம் சொல்லவில்லை. அரைகுறை வாத்தியாரால் முதலில் கெடுவது நம் பிள்ளைதான். பணக்காரன் டியூஷன் வைத்துக்கொள்வான். தகுதி வேண்டும். ஒரு தடவை அளக்க வேண்டும், ஒழுங்கான முழக்கோலால் அளக்க வேண்டும், அளந்தபின் வேலை கொடுக்க வேண்டும். நாம் எதிர்ப்பது அளப்பதை அல்ல, அளந்துகொண்டே இருப்பதை!

அந்த முழக்கோலின் கதையைப் பாருங்கள். 2012இல் ஒரு வெயிட்டேஜ் முறை கொண்டுவந்தார்கள். டெட்டுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10. எப்போதோ பழைய காலத்தில், மார்க்கை அள்ளிக் கொடுக்காத நாளில் பிளஸ் டூ எழுதிய கூலிக்காரன் மகன் இதில் பின்னுக்குப் போனான். 2014இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மார்க்கை 90இலிருந்து 82 ஆக்கினார்கள். நியாயமான சலுகைதான். ஆனால் அதைத் தேர்வுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டாமா? 2018இல் வெயிட்டேஜை எடுத்துவிட்டுப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தார்கள். ஆறு வருஷத்துக்குள் மூன்று முழக்கோல்! துணிக்கடைக்காரன் இப்படி அளந்தால் சும்மா விடுவோமா?

இப்போது 2025 செப்டம்பர் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டிலிருந்து வந்த தீர்ப்பு, டெட் வருவதற்கு முன்பே நியமனம் பெற்று வகுப்பில் நின்றுகொண்டிருக்கிற ஆசிரியர்களின் தலைமேலும் கத்தியைத் தொங்கவிட்டிருக்கிறது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட்டில் தேற வேண்டும். இல்லையென்றால் வேலை போகும். இருபது வருஷம் பாடம் நடத்தி, அவரிடம் படித்த பிள்ளைகளே வாத்தியார் ஆகிவிட்ட பிறகு, 'உனக்குத் தகுதி இருக்கிறதா?' என்று கேட்கிறார்கள். வெளியே நிற்கிறவளுக்கும் பரீட்சை, உள்ளே இருக்கிறவருக்கும் பரீட்சை. காலியிடத்தை நிரப்பாத அதிகாரிக்கு மட்டும் ஒரு பரீட்சையும் இல்லை!

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் தோழர்களில் பலர், 'வாத்தியார்கள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்' என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட வாத்தியார்கள் இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. இருக்கிறார்கள். அவர்களைத் தட்டிக் கேளுங்கள். ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நிரந்தர வேலையையே ஒழிக்க வருகிறானே, அவனுக்குக் கை தட்டாதீர்கள். 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரே வீச்சில் 1,70,000 பேருக்கு மேல் வேலைநீக்கம் செய்தார்கள். அன்று சந்தோஷப்பட்ட தொழிலாளியும் உண்டு. அடுத்தது எங்கே விழுந்தது? அவன் மில்லில் நிரந்தரத் தொழிலாளி போய், காண்ட்ராக்ட் வந்தது, கேம்ப் கூலி வந்தது. வெட்டுகிற கத்திக்கு மில் கழுத்து, பள்ளிக்கூடத்துக் கழுத்து என்ற பேதம் கிடையாது.

நடக்காத காரியமா?

'சர்க்காரிடம் பணம் இல்லை, இதெல்லாம் நடக்காது' என்பார்கள். நடந்திருக்கிறது.

2003க்குப் பிறகு சில ஆயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை எடுத்தார்கள். அவர்களும் 'தற்காலிகம்'தான். அவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் கூடினார்கள், தெருவில் நின்றார்கள். 2006 ஜூன் 1 முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள். கஜானா காலியாகிவிடவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

அதற்கு முன்னால் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1957இல் அங்கே அமைந்த மந்திரிசபை ஒரு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தது. தனியார் பள்ளி மானேஜர்களின் பிடியில் கிடந்த வாத்தியாருக்குச் சர்க்காரே நேரடியாகச் சம்பளம் தரும், நியமனம் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பட்டியலிலிருந்து நடக்கும் என்றது அந்த மசோதா. பள்ளி முதலாளிகளும் மடங்களும் மூட்டிய கிளர்ச்சியில் 1959 ஜூலை 31இல் அந்த மந்திரிசபையையே கலைத்தார்கள். ஒரு வாத்தியாருக்கு நேரான சம்பளம் கொடுப்பது எவ்வளவு பெரிய இடங்களைச் சுடுகிறது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். மந்திரிசபை போயிற்று. ஆனால் விதைத்த விதை வீண்போகவில்லை. கேரளத்துக் கூலிக்காரன் பிள்ளை ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு உலகமெல்லாம் வேலைக்குப் போவதற்கு, அந்த மண்ணில் வாத்தியாருக்குக் கிடைத்த பாதுகாப்பும் ஒரு காரணம்.

நாம் கேட்பது

நாம் தர்மம் கேட்கவில்லை. நாம் கேட்பது இவை:

1. பள்ளி வாரியாக, பாட வாரியாகக் காலியிடப் பட்டியலை ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதம் பள்ளி வாசலில் ஒட்ட வேண்டும்.

2. டெட் வருஷம் தவறாமல் நடக்க வேண்டும். இங்கிலீஷ் வாத்தியாருக்கு இங்கிலீஷில் பரீட்சை வைக்க வேண்டும்.

3. டெட்டில் தேறியவருக்கு மறுபடியும் போட்டித் தேர்வு கூடாது. தேறிய வருஷ வரிசைப்படி, இடஒதுக்கீட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்து, நிரந்தர நியமனம் வேண்டும். அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நியமனமே நடக்காவிட்டால் அந்த மூன்று சதவீதத்தை எதில் அளப்பது?

4. நிரந்தரம் வரும்வரை வகுப்பில் நிற்கிற தற்காலிக ஆசிரியருக்குச் சம வேலைக்குச் சம சம்பளம் வேண்டும்.

5. சத்தியமங்கலம் வட்டாரத்தில், மலைப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டலோடு ஒரு சர்க்கார் பி.எட். கல்லூரி வேண்டும்.

மில் தோழர்களே! விவசாயத் தொழிலாளித் தோழர்களே! இது படித்தவர்கள் விவகாரம் என்று ஒதுங்காதீர்கள். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த தடவை கூடும்போது, ஒருநாள் கூலி போனாலும் போகட்டும் என்று போய் உட்காருங்கள். பதிலி வாத்தியாருக்கான காகிதம் வந்தால், பாடம் கெடக்கூடாது என்பதற்காகக் கையெழுத்துப் போடுங்கள். போடும்போதே, 'இந்த இடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும்' என்று தீர்மானம் எழுதி அதையும் அனுப்புங்கள். மே முதல் தேதியும் ஆகஸ்ட் 15ஆம் தேதியும் கிராம சபை கூடும்போது அதையே எழுப்புங்கள். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் உங்கள் ஊர்ப் பள்ளியின் இங்கிலீஷ் வாத்தியாரையும் சேருங்கள்.

அந்தச் சத்தியமங்கலத் தொழிலாளி கேட்ட கணக்குக்கு இதுதான் விடை. வாத்தியார் இல்லாத பள்ளியும் பள்ளி இல்லாத வாத்தியாரும் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. நடுவில் ஒரு கேட்டு இருக்கிறது. அதைப் பூட்டி வைத்திருப்பதால் சிலருக்குப் பணம் மிச்சமாகிறது, சிலருக்குச் சரக்கு விற்கிறது.

மில் கேட்டைத் திறக்க வைத்த கைகள் நம்முடையவை. பள்ளிக்கூடத்துக் கேட்டும் திறக்கும். தட்டுவோம், வாருங்கள்!